பழகியவரும் பழக்கியவரும்

"தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது தமிழ் பேசும் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கி வரும் பழமொழி. எமது ஊரிலே முஸ்லிம்களாகிய எமக்குச் சுடுகாடு இல்லை, மையவாடிதான் உண்டு. ஆயினும் பழமொழியில் ஒரு சொல்லையேனும் மாற்றாது, சுடுகாடு என்றே எங்கள் பெரியவர்களும் சொல்லி வருகின்றனர். பழக்கத்தின் வலிமைக்கு இதனைக் காட்டிலும் நல்லதொரு சான்று தேவையில்லை.

பழக்கத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரு வழிகளுள் ஒன்றையே மேற்கொள்வர். நல்ல பழக்கங்களின் பயனை எடுத்துரைத்து அறிவுரை கூறுவது ஒன்று. மனிதனும் விலங்கும் தத்தம் சூழலின் கைப்பாவைகளே என உளவியலின் துணைகொண்டு நிறுவுவது மற்றொன்று. முதலாவது பாடசாலைக் கட்டுரைக்கு உகந்தது, அதனை விட்டுவிடலாம். இரண்டாவது ஆழமானதுதான். ஆனால், தவறு செய்தவன் எவனையும் சிரமமின்றி விடுதலை செய்து அனுப்பிவிடும் அபாயம் அதற்கு உண்டு. ஆதலால் இவ்விரண்டையும் விடுத்து, எங்கள் மொழியின் இலக்கணத்திலுள்ள ஒரு சிறிய உண்மையிலிருந்து தொடங்க விரும்புகின்றேன்.

'பழகு' என்பது தன்வினை. 'பழக்கு' என்பது பிறவினை. 'யானை பழகிற்று' என்றால் அவ்வினைக்கு யானையே எழுவாய். 'யானையைப் பழக்கினான்' என்றால் எழுவாய் வேறொருவன். ஆனால் 'பழக்கம்' என்னும் பெயர்ச்சொல்லுக்கு வந்ததும் அந்த வேறொருவன் மறைந்து போகின்றான். 'பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம்', 'அந்த யானைக்கு ஊருக்குள் வரும் பழக்கம்' என்று நான்காம் வேற்றுமை உருபைக் கொடுத்துப் பழகியவன் தலையிலேயே முழுவதையும் சுமத்திவிடுகின்றோம். பழக்கியவன் எங்கே போனான்? இக்கட்டுரை கேட்பது இதனைத்தான்.

கல்முனையிலிருந்து மேற்கே சென்று கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் எங்கள் சவளக்கடை. மாரி வெள்ளம் தாம்போதியின் மேலால் பாயும் நாட்களில் ஊர் தனித்துவிடும். சுற்றிலும் வயல், வயலுக்கு அப்பால் பற்றைக்காடு, அங்கிருந்து வருவன யானைகள். பெரும்போக வேளாண்மை கதிர் முற்றும் நாட்களில் இரவுக் காவல் இல்லாமல் முடியாது. எட்டு வயதிலே வாப்பாவுடன் முதன்முதலாக வயல்வாடிக்குச் சென்றேன். நள்ளிரவில் யானை வெடி வெடித்தது. வனஜீவராசிகள் திணைக்களத்தார் விவசாயிகளுக்கு வழங்கும் அவ்வெடி, சாதாரணச் சீன வெடியைப் போன்றதன்று. நெஞ்சுக்குள்ளே வெடிப்பது போன்றிருக்கும். நான் வீரிட்டு அழுதேன். இருளிலே கரும்பாறைகள் நகர்வது போலச் சில உருவங்கள் வரம்புகளை மிதித்துக்கொண்டு ஓடின.

பதின்மூன்று வயதில், அதே வாடியில், அதே வெடிச் சத்தத்தின் நடுவே நான் அயர்ந்து தூங்கினேன். யானைகளும் அந்நாட்களில் ஓடுவதை விட்டிருந்தன. வெடி வெடித்ததும் தலையை உயர்த்திப் பார்க்கும். காதை ஒருமுறை விசிறும். பிறகு கதிரிலே வாயை வைக்கும். விடிந்ததும் வாப்பா சிரித்துக்கொண்டு சொன்னார்: "நீயும் யானையும் ஒண்டாப் பழகிட்டீங்க மகன்."

வாப்பா வேடிக்கையாகச் சொன்னது விஞ்ஞானப்படியும் சரியே. ஒரு தூண்டல் திரும்பத் திரும்ப வந்து, அதன்பின் தீங்கொன்றும் நேராவிடின், உயிர் அதனைப் பொருட்படுத்தாது விட்டுவிடுகின்றது. கற்றல் வகைகளுள் மிக எளியது இதுவே. கடல் முயல் என்று சொல்லப்படும் ஒருவகைக் கடல்நத்தையின் நரம்புக் கலங்களிலே இது நிகழும் விதத்தை ஆராய்ந்த எரிக் கண்டெல் 2000ஆம் ஆண்டில் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நத்தைக்கும் யானைக்கும் எனக்கும் இந்த அளவில் வேறுபாடு இல்லை. இதற்கு மறுதலையான கற்றலை ரஷ்யாவின் பவ்லோவ் காட்டினார். உணவு வருமுன் ஒரு ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய், பின்னர் உணவின்றி ஒலி மட்டும் கேட்டாலும் உமிழ்நீர் சுரந்தது. (அவருக்கு 1904இல் நோபல் பரிசு கிடைத்தது சமிபாடு பற்றிய ஆய்வுக்காகும். அவருடைய பெயரை உலகறியச் செய்தவையோ நாயும் உமிழ்நீரும்.) அர்த்தமுள்ள ஒன்றை அர்த்தமற்றதாக்குவது முதலாவது, அர்த்தமற்ற ஒன்றுக்கு அர்த்தம் ஏற்றுவது இரண்டாவது.

இரண்டாவதற்கு நான் ஆய்வுகூடத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. இந்நாட்டின் யுத்தம் 2009 மே மாதத்தில் முடிவுற்றபொழுது நான் சிறுபிள்ளை. வாப்பாவோ அதன் முழுக்காலத்தையும் கிழக்கிலே வாழ்ந்து கழித்தவர். வீதியில் ஒரு வளைவு உண்டு. முன்னாளில் அங்கே சோதனைச் சாவடி இருந்ததாம். இன்று கைத்தொலைபேசிக் கடையொன்று இருக்கின்றது. பஸ் அவ்விடத்தில் வேகம் குறைக்கும்பொழுதெல்லாம் வாப்பாவின் வலது கை சேர்ட் பைக்குச் சென்று அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்து மீள்கின்றது. அவர் அப்பொழுது வேளாண்மை விலையைப் பற்றி என்னுடன் பேசிக்கொண்டிருப்பார், பேச்சு தடைப்படுவதேயில்லை. ஒருநாள் இதனை அவருக்குச் சுட்டிக் காட்டினேன். நம்பவில்லை. பிறகு சிரித்தார். அடுத்த வாரம் அதே வளைவிலே கை மீண்டும் பைக்குச் சென்றது. 'வாப்பாவுக்கு ஒரு பழக்கம்' என்று சொல்வது எத்துணை குறையான வசனம் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். அக்கையைப் பழக்கியது வாப்பா அல்லர்.

மீண்டும் யானைக்கு வருவோம். எங்கள் அம்பாறை மாவட்டத்திலே பள்ளக்காடு என்னுமிடத்தில் திறந்தவெளிக் குப்பைமேடு ஒன்று உண்டு. அயலிலுள்ள 9 கிராமங்களின் கழிவுகள் அங்கே கொட்டப்பட்டு வந்தன. காட்டு யானைகள் உணவு தேடி அங்கே வரத் தொடங்கி, நாளடைவில் அதனையே சுற்றி வாழலாயின. 2022 ஜனவரியில் அங்கே மேலும் 2 யானைகள் இறந்து கிடந்த செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அதற்கு முந்திய 8 ஆண்டுகளுள் ஏறத்தாழ 20 யானைகள் அவ்வாறு இறந்ததாக அச்செய்தி கூறிற்று. உடல்களைப் பரிசோதித்த மிருக வைத்தியர்கள் வயிற்றிலே கண்டவை பொலித்தீனும், உணவு சுற்றிய உறைகளும், சமிபாடடையாத பிறவும், தண்ணீருமேயாம். யானை இயல்பாக உண்ணும் புல்லோ தழையோ அங்கே இருக்கவில்லை.

"யானைகள் கெட்டுப்போய்விட்டன" என்று ஊரிலே பலர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். இங்கும் அதே இலக்கணம்தான். கெடுதல் தன்வினை, கெடுத்தல் பிறவினை. சோற்றுப் பார்சலை உண்டு முடித்ததும் 'லஞ்ச் ஷீட்'டைச் சுருட்டி எறிகின்ற என் கை, பஸ்ஸிலே பைக்குச் செல்லும் வாப்பாவின் கையைப் போலவே தன்பாட்டில் இயங்குவது. அந்த 'லஞ்ச் ஷீட்' 2017இல் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட பொருள் என்பது எறியும்பொழுது நினைவுக்கு வருவதில்லை. என்னுடைய பழக்கமும் யானையினுடைய பழக்கமும் குப்பைமேட்டிலே ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஆனால் சாவது யானை மட்டும்.

இவ்விடத்திலே ஒரு மறுப்பு எழக்கூடும். யானை வெறும் பழக்கத்தின் பிண்டமா? அன்று. மின்சார வேலியமைத்தால் அது முதலில் அஞ்சி விலகும். சில காலத்தின் பின், கம்பங்களைத் தள்ளிச் சரிக்கும். தந்தமுள்ளது மின்சாரம் பாயாத தந்தத்தால் கம்பியை அறுக்கும். மரத்தை முறித்துக் கம்பியின்மேல் சாய்க்கும். இலங்கையின் யானை வேலிகளைப் பேணுவோர் நன்கறிந்த செய்தி இது. எனவே அது பழகுகின்றது மட்டுமன்று, ஆராய்ந்தும் பார்க்கின்றது. வெடி கொளுத்திய ஒவ்வொரு இரவும் நாங்கள் அதனை விரட்டுவதாக எண்ணினோம். உண்மையில் 'சத்தத்தின் பின் ஒன்றும் நேர்வதில்லை' என்ற பாடத்தை அதற்கு இரவு தவறாது படிப்பித்துக்கொண்டிருந்தோம். படிப்பிக்கின்றோம் என்று அறியாமலே படிப்பிப்பதுதான் உலகில் மிகுதி.

சிந்தனையாளர் இதுபற்றிக் கூறியனவற்றைச் சற்று நோக்குவோம். கல்லைப் பதினாயிரம் முறை மேலே எறிந்தாலும் மேலே செல்லும் பழக்கம் அதற்கு வராது என்பது அரிஸ்டோட்டில் காட்டிய உதாரணம். இயற்கை முற்றாகத் தீர்மானித்துவிட்ட பொருளுக்குப் பழக்கம் இல்லை. மனிதனுக்கு நற்குணம் இயற்கையாலும் வருவதன்று, இயற்கைக்கு மாறாகவும் வருவதன்று. அதனை ஏற்கும் தகுதியோடு பிறக்கின்றான், செய்து செய்தே அதனை அடைகின்றான் என்பது அவர் கொள்கை. வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கொத்தனாவது போல.

அவருக்குப் பதினான்கு நூற்றாண்டுகள் பிந்திய இமாம் கஸ்ஸாலி (1058 - 1111) தமது 'இஹ்யா'வின் ஒரு பகுதியை, ஆன்மாவைப் பயிற்றுதல் என்ற பொருளுக்கே ஒதுக்கினார். மனிதனின் குணத்தை மாற்ற இயலாது என்று வாதிட்டவர்களுக்கு அவர் அளித்த விடை விலங்குகளிலிருந்து எடுக்கப்பட்டது. காட்டு வல்லூறு கைக்குப் பழகுகின்றது. பேராசை கொண்ட நாய் இரையின்முன் பொறுத்திருக்கக் கற்கின்றது. முரட்டுக் குதிரை கடிவாளத்துக்கு இணங்குகின்றது. விலங்கிற் கூடுவது மனிதனிடம் ஏன் கூடாது என்பதே அவர் கேள்வி. நாயைப் பற்றிய உதாரணத்துக்குப் பின்னணியும் உண்டு. குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணி பிடித்த இரையைப் பற்றிப் பேசுகின்றது. பிடித்த இரையைத் தானே தின்றுவிட்டால், அந்நாய் தனக்காகவே பிடித்தது என்பது நபிமொழியிற் காணப்படும் விளக்கம். அப்படியாயின் நாய் பயிற்சி பெற்றது என்பதற்கு அடையாளம் அதன் வேகமன்று, பாய்ச்சலன்று. வாயருகே உள்ளதை உண்ணாது நிற்றல். பயிற்சி என்பதற்கு இதனைவிடக் கூர்மையான இலக்கணத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் வல்லூறு பற்றி அவர் விரித்துரைக்கும் பகுதியை முதன்முறை வாசித்தபொழுது எனக்கு உள்ளூர நடுக்கம் உண்டாயிற்று. பறவையை முதலில் இருட்டறையில் அடைக்கின்றனர். கண்ணை மறைக்கின்றனர். வானத்திலே பறந்த நினைவு அதற்கு மறக்கவேண்டும். அதன் பின்னரே இறைச்சி ஊட்டுகின்றனர். ஊட்டிய கையோடு அது உறவு கொள்கின்றது; அக்குரல் அழைத்தால் வருகின்றது. தன் இச்சைகளிலிருந்து ஆன்மாவை விடுவிக்கும் வழிக்கு உவமையாகவே அவர் இதனைக் கூறினார். எனக்கு நினைவில் வந்ததோ வேறொன்று. அதற்குச் செல்லுமுன் ஒரு யானையைப் பற்றிச் சொல்லவேண்டும்.

காட்டு யானை பிடிப்பதிலே கிழக்கிலங்கை முஸ்லிம்கள் பெயர் பெற்றவர்கள். பணிக்கர் எனப்பட்ட அவர்கள் மான் அல்லது எருமைத் தோலால் முறுக்கிய சுருக்குக் கயிற்றுடன் காலடி தடம் பற்றிச் சென்று, யானையின் பின்னங்காலிலே சுருக்கிட்டு மரத்தோடு கட்டிவிடுவர். ஏறாவூர்ப் பணிக்கர்களைப் பற்றிய கதைகள் எங்கள் பக்கத்தில் இன்றும் வழங்குகின்றன. கூட்டமாகப் பிடிப்பதற்கு வேறு முறை இருந்தது. காட்டிலே பெரும் மரவேலி அமைத்து, யானைக் கூட்டத்தை அதனுள் விரட்டுவர். 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1847இல் குருநாகல் பகுதியில் அத்தகைய யானைப்பிடியொன்றை நேரிற் கண்டு, 1859இல் வெளியான தமது நூலில் விரிவாக எழுதியுள்ளார். (இலங்கையின் கடைசி யானைப்பிடி 1950இல் பானாமுரையில் நடைபெற்றது.)

டெனன்ட் காட்டும் காட்சியில் என் மனத்தைவிட்டு அகலாதது காட்டு யானை அன்று. சிறிபெத்தி என்னும் பழக்கிய பெண்யானை. வயது ஏறத்தாழ ஐம்பது. சாந்தமானது, சொல்லுக்கு அடங்குவது. வேலிக்குள் அடைபட்டு வெறிகொண்டு நிற்கும் யானைகளிடம் அது சத்தமின்றி, ஒன்றுமறியாதது போல, அசைந்து அசைந்து செல்லும். அருகே நின்று நம்பிக்கை ஊட்டும். அம்மறைவிலே சுருக்கிடுபவன் காலடியில் புகுந்து கயிற்றை மாட்டிவிடுவான். கயிறு இறுகியதும் காட்டு யானை துடிக்கும். சிறிபெத்தி கயிற்றை இழுத்து அதனை மரத்தடிக்குக் கொண்டுவரும். யாரும் கட்டளையிடாத நேரத்திலும் செய்யவேண்டியதைத் தானே அறிந்து செய்யும். இவ்வேலையை அது மிகுந்த விருப்போடு செய்தது என்று டெனன்ட் எழுதுகின்றார். சிறிபெத்தியும் ஒருநாள் இவ்வாறு ஒரு மரத்தோடு கட்டப்பட்டுத்தான் இருக்கும்.

உழவு மாடு பழக்குவோர் பழகாத எருதைப் பழகிய எருதோடு பிணைப்பதும் இத்தத்துவத்தாலேயே. மூத்தாப்பாவின் காலத்தில் களவெட்டியிலே நெல்லை நெல் என்று சொல்லமாட்டார்கள், 'பொலி' என்பார்கள். புதிதாகக் களத்துக்கு வரும் சிறுவன் வாய் தவறி 'நெல்' என்றால், அவனைத் திருத்துபவர் போடியார் அல்லர். அவனுக்கு ஓராண்டு முன் வந்து அதே திருத்தத்தைப் பெற்ற இன்னொரு சிறுவன். நெல்லைப் பொலி என்பதனால் யாருக்கும் தீங்கில்லை. நான் சொல்ல வருவது வழக்கத்தின் குற்றத்தையன்று, அது கைமாறும் விதத்தை.

இனி என் வல்லூறு. எந்த வளாகம், எந்த விடுதி என்பன இங்கு வேண்டா. எங்கு படித்தவரும் அறிவர். புதுமுக மாணவனாக வந்த முதல் வாரங்களிலே நான் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. இன்ன பாதையால் செல்லலாகாது, இன்ன படியில் ஏறலாகாது, சேர்ட்டின் கழுத்துப் பொத்தானைத் திறக்கலாகாது. இரவுகளில் உறக்கம் இல்லை. என் பெயர் பறிக்கப்பட்டு, வீட்டிலே சொல்லமுடியாத பட்டப்பெயர் ஒன்று தரப்பட்டது. கேள்விக்கு விடை சொன்னாலும் குற்றம், மௌனமாக நின்றாலும் குற்றம். பின்பு அது ஓய்ந்தது. ஓய்ந்ததும், அதே சிரேஷ்ட மாணவர்கள் தேநீர் வாங்கித் தந்தார்கள். பரீட்சைக்கு முன் இரவிரவாக இருந்து 'குப்பி' எடுத்துப் பாடம் விளக்கினார்கள். எனக்கு டெங்குக் காய்ச்சல் வந்தபொழுது ஆஸ்பத்திரியில் வந்து அமர்ந்திருந்தவர், என்னை அதிகம் அழவைத்தவரேயாவார். அவரை இன்றும் நேசிக்கின்றேன். அந்த நேசம் பொய்யென்று சொல்ல என்னால் இயலாது. அதனை நம்பவும் இயலவில்லை. இருட்டறையும் பின்னர் ஊட்டும் கையும் ஒருவருடையதாகவே இருக்கும்பொழுது, வல்லூறு கொள்ளும் உறவுக்கு என்ன பெயர்? "பகிடிவதைதான் எங்களை ஒற்றுமையாக்கியது" என்று பலரும் கூறுவர். நானும் கூறியிருக்கின்றேன்.

இரண்டாம் ஆண்டிலே ஒரு மாலை, விடுதி நடைபாதையால் புதுமுக மாணவன் ஒருவன் எதிரே வந்தான். பேச்சிலே எங்கள் பக்கத்துப் பிள்ளை என்று தெரிந்தது. "தலையை ஏன் நிமித்துறாய்?" என்று ஒரு குரல் அதட்டிற்று. அது என் குரல். திட்டமிடவில்லை, எவரும் ஏவவும் இல்லை. அவன் தலை தாழ்ந்தது. எனக்குள்ளே சிறியதொரு மகிழ்ச்சி எழுந்தது. கோபம் எழுந்திருந்தால் அதனை மன்னித்திருப்பேன், எழுந்தது மகிழ்ச்சி. சிறிபெத்தியின் விருப்பம் என்று டெனன்ட் எழுதியது எது என்பது அன்றிரவு எனக்கு விளங்கிற்று.

பகிடிவதையைத் தடை செய்யும் சட்டம் இந்நாட்டில் 1998ஆம் ஆண்டிலேயே, 20ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேறியது. அது வேண்டிய சட்டம். எனினும் சட்டம் செயலைத் தேடிப் பிடிப்பது. செயலுக்கு முன்னே தொண்டையில் ஆயத்தமாக நிற்கும் அதட்டலை அது எங்ஙனம் பிடிக்கும்? என்னுடைய தொண்டையில் அதனை வைத்தவர் யார்? எனக்கு முந்திய தொகுதியினர். அவர்களுக்கு வைத்தவர்? அவர்களுக்கு முந்தியவர். இப்படியே பின்னோக்கிச் சென்றால் பழக்கியவனைக் காணவே முடியாது, எல்லோரும் பழகியவர்களே. கட்டுரையின் தொடக்கத்தில் நான் எழுப்பிய கேள்வி என்னையே காப்பாற்றும் கவசமாக மாறிவிடும் இடம் இது. இதனை நான் எளிதாகக் கடந்துபோக விரும்பவில்லை.

அரிஸ்டோட்டில் கூறுவது: கல்லை எறிந்தபின் திரும்பப் பெறமுடியாது, ஆனால் எறிவதும் எறியாததும் எறிந்தவன் கையில் இருந்தது. ஆகவே பழக்கம் முற்றியபின் மீளமுடியாவிடினும் பொறுப்பு அவனுடையதே. இது கடுமையான தீர்ப்பு. முதற்கல்லை நாமே எறிந்தோம் என்று அது எண்ணிக்கொள்கின்றது. கஸ்ஸாலி இங்கே கூடுதல் நீதி செய்கின்றார் என்பது என் எண்ணம். பிள்ளை பெற்றோரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் உள்ளம் எதுவும் பொறிக்கப்படாத மணி. நன்மைக்குப் பழக்கினால் பெற்றோரும் ஆசிரியரும் அந்நன்மையிற் பங்கு பெறுவர். கால்நடையைப் போல விட்டுவிட்டால் அப்பாரம் பொறுப்பாளியின் கழுத்திலே தொங்கும் என்கின்றார். பழக்கியவனை மறைவிலிருந்து வெளியே அழைக்கும் தீர்ப்பு இது. ஆயினும் இருபது வயது கடந்த ஒருவனுக்குப் பொறுப்பாளி யார்? வாப்பாவின் கழுத்திலே அப்பாரத்தைத் தொங்கவிட எனக்கு மனமில்லை. அவர் எனக்கு அதட்டப் பழக்கியவர் அல்லர். பழகியவனும் நான், இனிப் பழக்க வேண்டியவனும் நான் என்னும் நிலை யானைக்கு இல்லை. யானைக்கும் எனக்கும் உள்ள வேறுபாட்டை அறிவு, பேச்சு, சிரிப்பு என்று எவ்வளவோ வகுத்துள்ளனர். எனக்குப் புலப்படுவது இது ஒன்றே.

ஆனால் அது எவ்வாறு இயலும்? இதற்கு விடையைத் தத்துவ நூலிலன்றி ஒரு பரிசோதனையிலே கண்டேன். அமெரிக்காவில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் ஆகிய இருவரும் 1967இல் வெளியிட்ட ஆய்வு அது. இன்று அத்தகையதை அனுமதிப்பார்களா என்பது ஐயமே. தாம் என்ன செய்தாலும் நிறுத்தமுடியாத மின்னதிர்ச்சியைப் பெற்ற நாய்கள், பின்பு ஒரு சிறு தடுப்பைத் தாண்டினால் தப்பலாம் என்ற நிலையிலும் தாண்டவில்லை, படுத்தபடி சகித்துக்கொண்டன. நிராதரவை அவை 'கற்றுக்கொண்டன' என்பது அன்றைய விளக்கம். அரை நூற்றாண்டின் பின், 2016இல், அவ்விருவருமே தமது விளக்கத்தைத் தலைகீழாக்கினர். நீண்ட துன்பத்தின்முன் செயலற்றுக் கிடப்பது கற்றதன்று. உயிரின் அடிநிலையே அது. கற்கவேண்டியது மற்றையது: என் செயலால் இதனை நிறுத்தமுடியும் என்பது. தம் பெயருக்கு உலகப்புகழ் தேடித் தந்த கோட்பாட்டைத் தாமே திருத்தி எழுதுவதும் ஒரு பழக்கத்தை வெல்வதுதான். எமது பல்கலைக்கழகங்களில் அது அரிது.

அந்நாய்களைப் பின்னர் என்ன செய்தனர் என்பதே எனக்கு முக்கியமாயிற்று. தடுப்பை எடுத்துவிட்டனர், மறுபக்கத்தில் நின்று அழைத்தனர், உணவு காட்டினர். பயன் விளையவில்லை. 1968இல் வெளியான அவர்களது மற்றோர் ஆய்வின்படி, கழுத்துக் கயிற்றைப் பிடித்து, நாயை இப்பக்கத்திலிருந்து அப்பக்கத்துக்குத் திரும்பத் திரும்ப இழுத்துச் செல்லவேண்டியிருந்தது. முதலில் நாய் பிணம் போலக் கனத்தது. இழுக்க இழுக்கக் கனம் குறைந்தது. பின்பு ஒருமுறை அது தானாகவே கடந்தது. அறிவுரை, அழைப்பு, ஆசை காட்டல் ஆகியன தோற்ற இடத்தில், கால்கள் நடந்து பார்த்ததுதான் வென்றது.

அந்தப் புதுமுக மாணவனிடம் மறுநாளே சென்று மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல காக்கா" என்றான், தலை தாழ்த்தியபடியே. அதன்பின் அவனை நூலகத்திலே அடிக்கடி காண்கின்றேன். என்னைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்து நிற்பான். "இரி தம்பி" என்பேன், அமர்வான். மறுநாளும் எழுவான். வேண்டாமென்று பலமுறை சொல்லிவிட்டேன். சொல்லைக் கேட்டுச் சிரிக்கின்றான், கால்கள் கேட்பதில்லை. வாப்பாவின் கையைப் போல.

இப்பொழுது நான் அவன் இருக்கும் மேசைக்குப் பின்பக்கமாக வந்து, அவன் காணுமுன் பக்கத்துக் கதிரையில் அமர்ந்துவிடுகின்றேன். ஒரு மாதமாகின்றது. சென்ற வியாழக்கிழமை நான் வந்தபொழுது அவன் முன்பே கண்டுவிட்டான். பாதி எழுந்தான். பிறகு என்ன நினைத்தானோ, பக்கத்துக் கதிரையிலிருந்த தன் புத்தகங்களை எடுத்து எனக்கு இடம் செய்துகொண்டு, மீண்டும் அமர்ந்தான்.